யார் கைச் சோறு

உள்ளே எதையாவது வைத்து மூடித் தரும் பண்டங்களைச் சாப்பிடும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிறு தயக்கம் எழுவதுண்டு. சுவை குறித்த தயக்கமல்ல அது. இலையில் விழும் சோற்றைக் கை பிசைவதற்கு முன்பே கண் பிசைந்து பார்த்துவிடுகிறது. குழம்பின் நிறம், எண்ணெய் பிரிந்திருக்கும் விதம், பருக்கை உதிர்ந்திருக்கிறதா குழைந்திருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்த பிறகே வாய்க்குப் போகிறது. மூடிய பண்டத்தில் கண்ணுக்கு இந்த உரிமை கிடையாது. வைத்த கையை நம்பிக் கடிக்க வேண்டும். கொரியர்களின் யூபுச்சோபாப் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்கிய டோஃபுவை மெல்லிய வில்லைகளாக அரிந்து, பாரமேற்றி நீரை வடித்துவிட்டு, முதலில் இளஞ்சூட்டு எண்ணெயிலும் பிறகு நல்ல சூட்டு எண்ணெயிலுமாக இரண்டு முறை பொரிக்கிறார்கள். முதல் எண்ணெயில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி அதை உப்பவைக்கிறது. இரண்டாவதில் மேல்தோல் இறுகி, உப்பியது உப்பியபடி நின்றுவிடுகிறது. குறுக்கே வெட்டினால் இரண்டு பைகள், நடுவில் வெற்றிடம். கொதிநீர் ஊற்றி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, சோயா சாஸும் சர்க்கரையும் கலந்த நீரில் சுண்டவிட்டால், பழுப்பேறிய ஈரமான தோல் ஒன்று மிஞ்சுகிறது, தித்திப்பும் உப்புமாக. காடி விட்டுப் பிசறிய குட்டையரிசிச் சோற்றில் எள்ளும் பொடியாக நறுக்கிய கேரட்டும் சேர்த்து, கையால் உருண்டை பிடித்து, அந்தப் பைக்குள் விரலால் அமுக்குகிறார்கள். சிதம்பரத்துக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் ரகசியம், ஆகாசம் என்று கிளம்பிவிடுவார். எனக்கும் ஆசைதான், அடக்கிக்கொள்கிறேன். என்னைத் தொந்தரவு செய்வது உள்ளிருக்கும் வெளி அல்ல, உள்ளே சோற்றை அமுக்கும் விரல்.

கொரியாவில் இதை மட்டுமே விற்கும் சிறு கடைகள் இப்போது இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக அடுக்கிய பைகள். ஒவ்வொன்றின் வாயிலும் இறால், முட்டை, நண்டு, காளான், மாட்டிறைச்சி என்று ஒரு குவியல். பண்டம் ஒன்று, முகம் பல. தமிழ்நாட்டுக்குக் கொரியச் சமையல் வந்தது கொரியர்களுக்காகத்தான். 1996இல் ஹூண்டாய் இங்கே கால் வைத்து இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுப்பியது. அதன் பின்னால் உதிரிபாகத் தொழிற்சாலைகள் வந்தன, பொறியாளர்களும் மேலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் வந்தார்கள், அவர்கள் நாக்குக்காகச் சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் உணவகங்கள் முளைத்தன. நம் பிள்ளைகள் அந்த மேசைகளில் போய் உட்கார்ந்தது வெகுகாலம் கழித்து, செல்பேசித் திரையில் தொடர்களைப் பார்த்துப் பழகிய பிறகு. கடலூர் மஞ்சக்குப்பத்துச் சூப்பர்மார்க்கெட்டிலும் இன்று சிவப்பும் கறுப்புமாகக் கொரிய நூடுல்ஸ் பாக்கெட் தொங்குகிறது. அண்ணாமலை நகர் விடுதிப் பிள்ளைகள் கண்ணில் நீர் வழிய அதைத் தின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். மீல்மேக்கர் வழியாகத்தான் சோயாவை அறிந்த ஊர் இது. இருந்தாலும் நாளைக்கே யாராவது கடலூர் பாரதி சாலையிலோ சிதம்பரம் மேல வீதியிலோ டோஃபுப் பைக்கென்று ஒரு கடை திறந்தால் கூட்டம் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் சங்கடம் அந்தக் கூட்டத்தைப் பற்றியது. அதில் ஒருவர்கூட இதைப் பிடித்தது யார் கை என்று கேட்கப்போவதில்லை. கேட்கக் கூடாது, சரிதான். ஆனால் பிள்ளையார் சதுர்த்தியன்று தலித் காலனியிலிருந்து ஒரு தூக்கில் கொழுக்கட்டை வந்தால் அதே பிள்ளைகளின் வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாங்கிக்கொள்வார்கள், சிரிப்பார்கள், உள்ளே கொண்டுபோவார்கள். பிறகு அந்தக் கொழுக்கட்டை எங்கே போனது என்று யாரும் பேசமாட்டார்கள்.

பலகாரம் வேறு, சோறு வேறு என்று ஒரு கணக்கு நம் வீடுகளில் எழுதாமலேயே இருந்துவந்தது. எண்ணெயிலும் நெய்யிலும் வெந்ததைக் கொஞ்சம் தள்ளியிருக்கும் கையிலிருந்துகூட வாங்கலாம். தண்ணீரில் வெந்ததை வாங்கக் கூடாது. அரிசியாக வந்தால் யார் வீட்டு அரிசியும் அரிசிதான், வடித்துவிட்டால் அதற்கு வீடு வந்துவிடுகிறது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் கூடை இறங்கும்போது போய் நின்று பாருங்கள். சங்கராவையும் வஞ்சிரத்தையும் மீனவப் பெண்ணின் கையிலிருந்து ஊரே வாங்குகிறது, அவள் அரிந்து தந்த துண்டை அப்படியே பையில் போட்டுக்கொள்கிறது. அவள் உலையில் அதே மீன் கொதித்த பிறகு அந்த வட்டம் எவ்வளவு சுருங்கிவிடுகிறது! கொள்ளிடக் கரையிலும் வீராணம் பாசனத்திலும் விளையும் நெல்லுக்கும் இதுவே விதி. நாற்றுப் பறித்து, சேற்றில் குனிந்து, களையெடுத்து, அறுத்துக் கட்டித் தூற்றிக் கொடுக்கும் வரை யார் கையும் கைதான். கொரியப் பையை இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. அதன் வெளிப்புறம் எண்ணெயில் பொரிந்தது, பலகாரம். உட்புறம் தண்ணீரில் வெந்த சோறு, அதுவும் வெறுங்கையால் உருட்டிய சோறு. என் பாட்டி தலைமுறை இதைக் கையில் வாங்கியிருந்தால் தோலை மட்டும் தின்றுவிட்டு உள்ளிருப்பதைக் காக்கைக்கு வைத்திருக்கும்.

சிதம்பரத்தில் நடராஜருக்குப் படைக்கும் சம்பா சாதமும் அதற்குத் துணையான கத்தரிக்காய்க் கொத்சும் பெயர்பெற்றவை. மிளகையும் சீரகத்தையும் வறுத்துப் பொடித்து நெய்யோடு சோற்றில் கலக்கிறார்கள். வதக்கி மசித்த கத்தரிக்காயில் புளியை விட்டு, கொத்துமல்லி விதையும் கடலைப்பருப்பும் மிளகாயும் வறுத்து அரைத்த பொடியைத் தூவி, நல்லெண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்கவிடுகிறார்கள். சாதத்தின் காரம் தொண்டையில் மெதுவாக இறங்கும், கொத்சின் புளிப்பு நாக்கின் ஓரத்தில் நிற்கும். இப்போது கொத்சு இட்லிக்கும் பொங்கலுக்கும் தொட்டுக்கொள்ளும் பொருளாக உணவகங்களுக்கு வந்துவிட்டது. சாமிக்கு வைத்த சோறு தெருவுக்கு வருவதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. அந்தச் சோற்றைப் பார்க்கும்போது வேறொரு நினைப்புதான் குறுக்கிடுகிறது. ஆயிரங்கால் மண்டபத்தில் சேக்கிழார் அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் தொண்டு என்ன என்று பாருங்கள். கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். அவர் உரித்த தோல் உள்ளே போய் ஒலித்தது, அவர் வெளியே நின்று கேட்டார். தில்லைக்குள் வர அவருக்கு மட்டும் நெருப்பு ஒன்று தேவைப்பட்டது. பக்தியின் உச்சம் என்று படித்துவிட்டுப் போகலாம், பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். பொருளை ஏற்றுக்கொண்டு ஆளைத் தடுக்கும் ஒரு வாசலின் கதை என்றும் படிக்கலாம். தடுத்ததைச் சேக்கிழார் மறைக்கவில்லை என்பதே எனக்கு அந்த நூலின் மீதுள்ள மரியாதை.

இந்த வாசல் நமக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தால் கொரிய டோஃபுவின் வரலாறு அந்த நினைப்பைக் கலைத்துவிடும். கொரியாவை ஆண்ட சோசோன் அரசு கன்பூசியத்தைக் கையில் எடுத்துப் பௌத்தத்தை மலைக்குத் துரத்தியது. பிக்குகள் தாழ்ந்தோர் வரிசையில் சேர்க்கப்பட்டார்கள், தலைநகர் மதிலுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் இறந்த அரசர்களுக்கு அவர்கள் கல்லறையில் நடக்கும் சடங்குக்கு டோஃபு வேண்டும். அதை நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் புலால் விலக்கிய மடத்துக்காரர்கள். ஆகவே அரச கல்லறைகளை ஒட்டிச் சில மடங்களுக்கு டோஃபு செய்து தரும் கடமை விதிக்கப்பட்டது. இருட்டிலேயே எழுந்து ஊறிய சோயாவை அரைத்து, பாலை வடித்துக் காய்ச்சி, உப்பிலிருந்து கசியும் கைப்பு நீரை விட்டுத் திரித்து, துணியில் கட்டி அழுத்தி, சூடு ஆறுவதற்குள் படையலுக்கு அனுப்பிய அந்தப் பிக்குவின் கையை நினைத்துக்கொள்கிறேன். அவன் செய்த கட்டி ராஜாவின் பலிமேடையில் உட்காரலாம், அவன் நகரத்து வாசலில் நுழையக் கூடாது. அந்தத் தடை நீங்கியது 1895இல். அதற்கு மனுப்போட்டவர் ஒரு ஜப்பானியப் பிக்கு என்பதும், அடுத்த 15 ஆண்டுகளில் அந்த ஜப்பானே கொரியாவை விழுங்கிவிட்டது என்பதும் வரலாறு செய்யும் கோணங்கித்தனம். பிக்குகளாவது மலையில் மரியாதையோடு இருந்தார்கள் என்று சொல்லலாம். இறைச்சி வெட்டியும் தோல் பதனிட்டும் வாழ்ந்த பேக்சோங் மக்களுக்கு அதுவும் இல்லை. ஒதுக்குப்புறக் குடியிருப்பு, உடையில் கட்டுப்பாடு, பரம்பரைத் தொழில் என்று எல்லாமே நாம் அறிந்தவை. சட்டம் 1894இல் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டது, தெரு எடுக்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்ததும் சேர்ந்துகொண்டு, 1923இல் சிஞ்சு நகரில் அவர்கள் ஹியோங்பியோங்சா என்ற சமத்துவ அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு ஏழாண்டு முன்னால், 1916இல், சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியிருந்தார். ஒருவரையொருவர் அறியாமல் இரண்டு கடற்கரை நாடுகளில் ஒரே கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

ஆக, கொரியக் கைக்குச் சாதி இல்லை என்று நாம் எண்ணிக்கொள்வது அந்தக் கையின் குணத்தால் அல்ல, நமக்கு அதைப் படிக்கத் தெரியாததால். நம் ஊர்ப் பெயரைக் கேட்டதும், அப்பா பெயரைக் கேட்டதும், எந்தத் தெரு என்று கேட்டதும் ஒரு கணத்தில் கணக்குப் போட்டுவிடும் மூளை, கிம் என்றும் பாக் என்றும் கேட்டால் சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா இருத்தலைச் சுதந்திரம் என்று எண்ணி மகிழ்வதில்தான் எனக்குச் சங்கடம். இதற்கு மறுபக்கமும் உண்டு. யூபுச்சோபாப் முதலில் கொரியர்களுடையதே அல்ல. ஜப்பானில் நெல்லுக்கு அதிபதியான இனாரிக்கு நரி தூதுவன். நரிக்குப் பொரித்த டோஃபு பிடிக்கும் என்பது அங்கத்து நம்பிக்கை. அந்தச் சாமியின் பெயரையே தாங்கிய சோற்றுப் பையை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எடோ நகரத்துத் தெருக்களில் இரவு வியாபாரிகள் மலிவாக விற்றார்கள். அது 1910க்கும் 1945க்கும் இடைப்பட்ட ஆட்சிக்காலத்தில் கொரியாவில் வேர்பிடித்தது. அடக்கியாண்டவன் கொண்டுவந்த பண்டம். சாமி உதிர்ந்தது, நரி உதிர்ந்தது, ஆண்டவன் போனான், பை மட்டும் தங்கிவிட்டது. இன்று கொரியப் பிள்ளைக்கு அது பள்ளிச் சுற்றுலாவுக்கு அம்மா கட்டித் தரும் சோறு. நாம் புளியோதரையை வாழையிலையில் மடித்துக்கொண்டு ரயில் ஏறியதுபோல. இப்படி மறக்க முடிந்தது நல்லதா கெட்டதா என்று நெடுநேரம் யோசித்திருக்கிறேன். நினைவைச் சுமக்காத பண்டம் லேசாக இருக்கிறது, சிறு பிள்ளைகள் அதைச் சந்தோஷமாகத் தின்கிறார்கள், அதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அடிபட்டவன் தானாக மறப்பது ஒன்று, அடித்தவன் வசதிக்காக மறப்பது இன்னொன்று. கொரியர்கள் செய்தது முதலாவது. கடலூரில் நாம் செய்துகொண்டிருப்பது எது?

யார் கை என்று கேட்காத ஓர் அடுப்பு இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்த ராமலிங்க அடிகள் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார்; அன்று மூட்டிய நெருப்பை இன்றுவரை அணையவிடாமல் காக்கிறார்கள். அங்கே இடம் தந்தவர்கள் பார்வதிபுரத்து ஊர்மக்கள். பந்தியில் உட்காருகிறவரிடம் ஒன்றும் கேட்பதில்லை, உட்காருகிறவரும் ஒன்றும் கேட்பதில்லை. பெரிய அண்டாவில் அரிசி வேகும் ஆவியும் விறகுப் புகையும் கலந்த வாசனை அந்தக் கூடத்துச் சுவரில் ஏறிப்போயிருக்கிறது. தில்லையில் பாடியவர் தில்லையை விட்டு விலகித் தனக்கென்று ஒரு சபையை 1872இல் எழுப்பினார் என்பதையும், சபைக்கு முன்னால் சாலை வந்தது, கும்பிடுவதற்கு முன்னால் சோறு வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பசியை ஒரு நெருப்பாகவே பார்த்தவர் அவர். எரிகிறவனுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவனின் கோத்திரம் தேவையில்லை. இங்கேதான் எனக்கு ஒரு இடறல். பசி கேட்காது, சரி. ருசியும் கேட்பதில்லை என்பதைக் கொரியப் பை காட்டுகிறது. இரண்டு எல்லைகளிலும் கேள்வி இல்லை. அப்படியானால் கேள்வி எங்கே உட்கார்ந்திருக்கிறது? 2023இல் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் விரிந்தபோது, தலித் பெண் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் சில பெற்றோர் தடுத்தார்கள். அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் போய் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அது உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் போடும் திட்டம். அங்கே பசி இல்லாமல் இல்லை. சமைத்தவரை ஊர் அறிந்திருந்தது, அவர் வீடு எங்கே இருக்கிறது என்று அறிந்திருந்தது. தடுத்தது அந்த அறிதல்தான்.

உணவகம் ஒருவகையில் இந்த அறிதலை வெட்டிவிடுவதற்காகவே பிறந்தது என்று தோன்றுகிறது. தொடக்கத்தில் அதுவும் அறிவித்துக்கொண்டுதான் வந்தது. பலகையில் பிராமணாள் என்று எழுதி வைத்தார்கள். ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைகளில்கூடத் தனி இடம் இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் அந்த ஒற்றைச் சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் இயக்கத்தார் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். பலகைகளிலிருந்து அந்தச் சொல் உதிர்ந்தது. அதன் இடத்தில் இப்போது சுத்த சைவம் என்ற சொல் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. டோஃபுப் பையை நீட்டினால் நம் ஆட்கள் கேட்கும் ஒரே கேள்வி, சைவம்தானே? அதில் கறியைக் குவித்து விற்றால் எந்தத் தெருவில் கடை நடக்கும், எந்தத் தெருவில் நடக்காது என்பதை வீட்டுத் தரகரே சொல்லிவிடுவார். இருந்தாலும் உணவகம் செய்த நன்மை பெரிது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரே மேசையில் முகம் தெரியாதவரோடு முழங்கை இடிக்கச் சாப்பிடக் கற்றுத்தந்தது அதுதான். காசைக் கொடுத்ததும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது, சமைத்தவருக்கும் உண்டவருக்கும் இடையில் ஒன்றும் மிச்சமில்லை. அதன் பலமும் அதுதான், அதன் போதாமையும் அதுதான். உறவை அறுத்துத்தான் அது சமத்துவம் தருகிறது. வீட்டுச் சோறு இதற்கு நேர்மாறு. பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதாவது வந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பார்கள். நாலு முருங்கைக்காயாவது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் அது மறுபடி வரும். கணக்கு ஒருநாளும் தீராது, தீரக் கூடாது என்பதே அதன் ஏற்பாடு. பாத்திரம் போய்வரும் வீடுகளுக்குள்தான் நல்லது கெட்டதுக்கு ஆள் போகும், பெண் கேட்டுப் போகும் பேச்சும் எழும். கேள்வி உட்கார்ந்திருக்கும் இடம் இதுதான். சோற்றுக்குப் பின்னால் சம்பந்தம் நிற்கிறது. யார் கைச் சோறு என்று கேட்பவர் உண்மையில் கேட்பது, நாளைக்கு இவர் வீட்டில் நான் கை நனைக்க வேண்டிவருமா என்பதை.

சியோலிலிருந்து வரும் பைக்கு அந்தப் பயம் இல்லை. அதற்குத் திருப்பித் தர வேண்டிய பாத்திரம் இல்லை, அதைப் பிடித்தவர் நம் வீட்டில் பெண் கேட்டு வரப்போவதில்லை. அதனால்தான் அது நம் வாயில் இவ்வளவு சுலபமாகக் கரைகிறது என்று சந்தேகப்படுகிறேன். சந்தேகம் அதைத் தின்பவர்கள் மீது அல்ல. அவர்கள் தின்னட்டும், தெரியாத நாட்டுச் சோற்றுக்கு வாயைத் திறப்பதும் ஒரு பழக்கம்தான், பழக்கங்கள் சில சமயம் நினைத்ததைவிட அதிக தூரம் கூட்டிப்போகும். ஆனால் அந்தக் கடை வெற்றி பெறுவதை நாம் மாறிவிட்டதற்குச் சாட்சியாக எழுத என்னால் முடியாது. எனக்குத் தோன்றும் சோதனை வேறு, மிகச் சிறியது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு பெண் வந்து, சிதம்பரத்துத் தேரோடும் வீதியில் கொழுக்கட்டைக்கென்று மட்டும் ஒரு கடை போட வேண்டும். பூரணம் வைத்தது, உப்புப் போட்டது, எள் வைத்தது என்று பல முகங்கள் காட்டட்டும். பலகையில் தன் ஊரையும் தெருவையும் மறைக்காமல் எழுதட்டும். படித்துவிட்டு உள்ளே போய் உட்காருகிறவர்கள் எத்தனை பேர் என்பது முதல் கேள்வி. அதற்கு இன்று பதில் அவ்வளவு மோசமாக இருக்காது என்றே நம்புகிறேன், காசு கொடுத்தால் கணக்கு முடிந்துவிடுமல்லவா. இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. கடையை மூடிய பிறகு மிஞ்சியதை அவள் ஒரு தூக்கில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், அந்தத் தூக்கு அவளிடம் எதையாவது சுமந்துகொண்டு திரும்பி வருமா, கழுவித் துடைத்து வெறுமையாக வருமா? கழுவி அனுப்புகிறவர்கள் அதை மரியாதை என்றே சொல்வார்கள்.